ஆறு மாத மாத்திரை கையில் இருந்தும் காசநோய் ஏன் இன்னும் போகவில்லை?

ஈசூன் வாசி

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

என் மாமனாருக்கு வயது 71. பத்து வருடமாக இனிப்புநீர் உண்டு. போன ஆண்டு நடுவில் இருமல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நிற்க ஆரம்பித்தபோதுகூட சர்க்கரை கூடியிருக்கும் என்றுதான் நினைத்தோம். இரவில் பனியனைப் பிழிகிற அளவுக்கு வேர்க்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, துணி துவைக்கும்போது அத்தைதான் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே எடுத்தோம், சளி கொடுத்தோம், டிபி என்று வந்தது. டாக்டர் சொல்லி முடித்ததும் மாமா என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, புளோக்கில் யாருக்கும் தெரியவேண்டாம்" என்றார். உயிருக்கு ஆபத்தா என்று கேட்கவே இல்லை.

அப்புறம் ஆறு மாதம். இங்கே சிங்கப்பூரில் திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் பலதுறை மருந்தகத்துக்குப் போய் தாதியின் கண்முன்னாலேயே விழுங்கவேண்டும். நானும் மனைவியும் மாறிமாறிக் கூட்டிக்கொண்டு போனோம். சின்னக் காகிதக் கோப்பையில் மாத்திரைகளைக் கொட்டிக் கொடுப்பார்கள், மாமா விரல் நுனியால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுவார், எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் வாயில் போடுவார். தாதி அவர் தொண்டை அசைவதைப் பார்த்துவிட்டு அட்டையில் ஒரு கோடு போடுவார். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு போன் செய்து, சிறுநீரில் ரத்தம் போகிறது என்று நடுங்கிக்கொண்டே சொன்னார். அந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது சகஜம் என்று யாரோ ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், பயத்தில் அது காதில் ஏறவில்லை. இப்போது முழுவதும் குணமாகிவிட்டார்.

அந்தக் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்து நிறைய படித்தேன். உலகச் சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலை என்று அறிவித்தது 1993-ல். 2014-ல் "காசநோயை முடித்துவைக்கும் உத்தி" என்று ஒன்றை எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டன. 2015-ஐ ஒப்பிட, புதிதாக நோய் வருவது 2025-க்குள் பாதியாகக் குறையவேண்டும், 2035-க்குள் 90 சதவீதம் குறையவேண்டும். நடந்தது என்ன? 2024 வரை குறைந்தது சுமார் 12 சதவீதம். அந்த ஒரே ஆண்டில் 10.7 மில்லியன் பேருக்கு நோய் வந்தது, 1.23 மில்லியன் பேர் இறந்தார்கள். குணப்படுத்தக்கூடிய ஒரு நோயில்! ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானி இந்தக் கிருமியை பெர்லினில் காட்டியது 1882-ல்.

மருந்து இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது. நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: நோயாளி தன்னைக் காட்டிக்கொள்ளப் பயப்படும்வரை எந்த உத்தியும் பாதியில்தான் நிற்கும். என் மாமாவுக்கு இழப்பதற்கு வேலை இல்லை, வீடு சொந்தம், பிள்ளைகள் பக்கத்தில். அவருக்கே இவ்வளவு பயம் என்றால், மற்றவர்கள்? இங்கே சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் உண்டு என்று தெரியும். சொல்லுங்கள்.

தேக்கா மாலை

மாமா குணமானது சந்தோஷம். ஒரு சந்தேகம். எங்கள் பாட்டி காலத்தில் எலும்புருக்கி என்று சொல்லித் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிடுவார்கள். இப்போதும் அம்மா அப்படித்தான் செய்யச் சொல்கிறார். தேவையா?

வெள்ளைச் சீருடை

தட்டு, டம்ளர், துண்டு, கைகுலுக்கல் எதனாலும் பரவாது. இது காற்றில் போகிற நோய். நுரையீரலில் டிபி உள்ளவர் இருமும்போதும் பாடும்போதும் சத்தமாகப் பேசும்போதும் வெளியே வரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். தட்டைத் தனியாக வைப்பதைவிட ஜன்னலைத் திறந்துவைப்பது நூறு மடங்கு மேல். ஒரு தடவை பக்கத்தில் நின்றால் ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. ஒரே வீடு, ஒரே அறை, ஒரே அலுவலகம் என்று நாள்கணக்கில் சேர்ந்திருப்பவர்களுக்குத்தான் அதிகம் தொற்றும். சரியான மருந்தை ஒழுங்காக ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் பரப்புவது நின்றுவிடும்.

நான் இந்தத் துறையில் தாதி. ஈசூன் அண்ணா சொன்ன அந்தக் காகிதக் கோப்பையைப் பல வருடம் நீட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிருமி உடம்புக்குள் இருப்பது வேறு, நோய் வருவது வேறு. உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவருக்குக் கிருமி உள்ளே போயிருக்கும் என்று கணக்கு. அது தூங்கிக்கொண்டே கிடக்கும், இருமல் இருக்காது, மற்றவருக்குப் பரவாது. அப்படி இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். எப்போது மாறும்? உடம்பு தளரும்போது. வயது, இனிப்புநீர், புகை, குடி, எச்ஐவி, எல்லாவற்றுக்கும் மேலே சத்துக்குறைவு. இனிப்புநீர் இருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். நம் சமூகத்தில் எத்தனை வீட்டில் இனிப்புநீர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆக அண்ணாவின் மாமாவுக்கு போன ஆண்டுதான் யாரோ ஒட்டவைத்தார்கள் என்று இல்லை, சின்ன வயதில் உள்ளே போன கிருமி இப்போது எழுந்திருக்கலாம். 1960-ல் சிங்கப்பூரில் ஒரு லட்சம் பேருக்கு 300-க்கும் மேல் காசநோய் இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள்.

அண்ணா, வீட்டில் குழந்தைகள் உண்டா? ரத்தப் பரிசோதனை செய்தார்களா?

ஈசூன் வாசி

மாமாவின் பேத்திக்கு நான்கு வயது. எல்லாரையும் கூப்பிட்டார்கள். எனக்கும் மனைவிக்கும் ஒன்றுமில்லை. அத்தைக்கு ரத்தத்தில் தொற்று காட்டியது, எக்ஸ்ரே சுத்தம். தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டார். குழந்தைக்கு எட்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், இல்லை என்றார்கள். அந்த எட்டு வாரமும் எங்களுக்குத் தூக்கம் இல்லை.

ஜூரோங் வெஸ்ட் 5

மன்னிக்கவும், கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப்போகிறேன். நம் நாடு சின்ன நாடு. சுற்றிலும் இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், அந்தப் பக்கம் இந்தியா. உலகில் அதிகம் நோயாளிகள் உள்ள நாடுகளில் பலவும் நமக்கு ஆள் அனுப்பும் நாடுகள். 2016-ல் ஆங் மோ கியோவில் ஒரே புளோக்கில் ஆறு பேருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்று தெரியவந்ததே, மறந்துவிட்டதா? 2024 ஜனவரியில் ஜாலான் புக்கிட் மேராவில் கட்டாயப் பரிசோதனையே வைத்தார்கள். எல்லையிலேயே இன்னும் கடுமையாகச் சோதித்துத் தடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். எனக்கு வயதான பெற்றோர் இருக்கிறார்கள், அந்தக் கவலையில் பேசுகிறேன்.

வெள்ளைச் சீருடை

கவலை நியாயமானது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேலை அனுமதியில் வருகிற எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே ஏற்கெனவே உண்டு. எக்ஸ்ரே எதைக் காட்டும்? அன்றைக்கு நுரையீரலில் இருக்கிற நோயை. தூங்குகிற கிருமியைக் காட்டாது. இங்கே வந்தபின், சரியாகச் சாப்பிடாமல், நெருக்கமான அறையில் தூங்கி, இரண்டாம் வருடம் அது விழித்துக்கொண்டால் எல்லையில் என்ன கடுமை செய்தும் பயனில்லை. நீங்கள் சொன்ன இரண்டு சம்பவமும் உள்ளூர் புளோக், உள்ளூர் உணவங்காடி. குடியிருப்பாளர்களிலேயே ஆண்டுக்குச் சுமார் 1,200 பேருக்கு இங்கே புதிதாக நோய் வருகிறது, அதில் முதியவர்கள் நிறைய.

உட்லண்ட்ஸ் தம்பி

நான் கட்டுமான வேலையில் இருக்கிறேன், டார்மில், அதாவது வெளிநாட்டு ஊழியர் விடுதியில் தங்குகிறேன். இந்த இழையை நேற்று இரவு பஸ்ஸில் படித்தேன். ஜூரோங் அண்ணனுக்குப் பதில் சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என்னோடு ஒரே ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவன், புதுக்கோட்டை. இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தில் பாதி இன்னும் கடன். அவனுக்கு இருமல் வந்து இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பகலில் சைட்டில் தூசி என்று சொல்லிவிடலாம். இரவில் எங்கள் தூக்கம் கெடாமல் இருக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவான், கட்டிலின் இரும்பு அதிர்வது மேல்கட்டிலில் இருக்கும் எனக்குத் தெரியும். டாக்டரிடம் போ என்று நானே நாலு தடவை சொன்னேன். "போனா அனுப்பிடுவாங்கடா, வட்டி யார் கட்டுவா" என்பான். ஒருநாள் துப்பியதில் ரத்தம் வந்தது. அன்றைக்குத்தான் போனான்.

ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். வெளியே வந்ததும் கம்பெனி டிக்கெட் போட்டுவிட்டது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, எழுதி என்ன ஆகப்போகிறது. அவன் கையில் மூன்று வார மாத்திரை, ஒரு கடிதம். கடிதத்தைப் பெட்டியில் போட்டு, ஊர் போய் இறங்கி, வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரை தீர்ந்தபிறகு பத்து நாள் சும்மா இருந்திருக்கிறான். அப்புறம் அவன் அக்கா கண்டுபிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மறுபடி முதலிலிருந்து.

அந்த இரண்டு மாதம் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரே அறையில். அவன் பயப்படாமல் முதல் வாரமே போயிருந்தால் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் அந்த ஆபத்தே இல்லை. இதைத்தான் ஜூரோங் அண்ணன் யோசிக்கவேண்டும்.

ஜூரோங் வெஸ்ட் 5

தம்பி, படித்தேன். பயமுறுத்தினால் ஒளிந்துகொள்வார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. இப்போது புரிகிறது. உங்களுக்குப் பரிசோதனை செய்தார்களா?

உட்லண்ட்ஸ் தம்பி

செய்தார்கள் அண்ணா. இரண்டு பேருக்கு ரத்தத்தில் காட்டியது, தடுப்பு மாத்திரை சாப்பிட்டார்கள். எனக்கு இல்லை.

சேத்துப்பட்டிலிருந்து

வயதானவன், மெதுவாகத்தான் தட்டச்சு செய்வேன். சென்னையில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மகளோடு சிராங்கூனில் இருக்கிறேன். ஈசூன் தம்பி கேட்ட கேள்விக்கு ஒரு பழைய கதையில் விடை இருக்கிறது. தமிழர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய கதை.

தாம்பரத்துக்கு அடுத்து சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் உண்டு, நம்மில் பலர் அந்த வழியாகப் போயிருப்போம். டாக்டர் சவுரி முத்து 1928-ல் அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார், அதன் பெயர்தான் அது. அந்தக் காலத்தில் மருத்துவம் என்றால் ஊருக்கு வெளியே நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து 1940களில் வந்தது. அதைத் தனியாகக் கொடுத்தால் சில மாதத்திலேயே கிருமி பழகிக்கொண்டது, அதனால் மருந்துகளைச் சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்று தெரிந்தது. 1952-ல் ஐசோனியசிட் என்ற மாத்திரை வந்தது. மருந்து வந்தாலும் படுக்கை இல்லை. இந்தியாவில் லட்சக்கணக்கில் நோயாளிகள், சானடோரியம் படுக்கைகள் சில ஆயிரம்.

1956-ல் சென்னையில் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் வழிநடத்தினார். கேள்வி ரொம்பச் சாதாரணமானது: நெருக்கடியான குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருக்கும் ஒரு ஏழைக்கு வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். சேத்துப்பட்டில் இன்றும் அந்த நிறுவனம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மாத்திரையை எண்ணுவதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவோம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். தாதி முன்னால் விழுங்கும் முறையும் அந்தப் பக்கத்தில்தான் முளைத்தது, சென்னையிலும் ஹாங்காங்கிலும். டான்சானியாவில் கரேல் ஸ்டைப்லோ என்ற டாக்டர் அதை ஒரு நாட்டுத் திட்டமாக்கிக் காட்டினார், 1990களில் உலகச் சுகாதார நிறுவனம் டாட்ஸ் என்று பெயர் வைத்து எல்லா நாட்டுக்கும் கொண்டுபோனது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒன்று. இன்று உலகமே சாப்பிடும் ஆறு மாத மருந்து ஒரு காலத்தில் ஒன்றரை வருட மருந்தாக இருந்தது. அதைச் சுருக்கிய ஆய்வுகளில் முக்கியமானவை 1970களில் இந்த ஊரில் நடந்தன, சிங்கப்பூர் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் கழகமும் சேர்ந்து நடத்தியவை. ஈசூன் தம்பியின் மாமா பன்னிரண்டு மாதம் கூடுதலாக அந்த நாற்காலியில் உட்காராமல் இருந்ததற்கு, அன்றைக்கு இதே ஊரில் மருந்து சாப்பிட்ட நோயாளிகள்தான் காரணம்.

ஈசூன் வாசி

ஐயா, இதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

தேக்கா மாலை

குழந்தைக்குப் பிறந்ததும் காசநோய்த் தடுப்புக்கு பிசிஜி ஊசி போடுகிறார்களே, அப்புறம் எப்படி நோய் வருகிறது?

சேத்துப்பட்டிலிருந்து

அதற்கும் நம் ஊர்தான் விடை சொன்னது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேரை வைத்து பிசிஜி சோதனை தொடங்கினார்கள், உலகிலேயே பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது அங்கே தடுக்கவில்லை. எதிர்பார்த்தது அது இல்லை, பலருக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது. ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்குப் போகும் கொடிய வகையைத் தடுப்பதில் பிசிஜி நல்ல ஊசி, ஆகவே பிறந்ததும் போட்டே ஆகவேண்டும். பள்ளியில் இரண்டாவது முறை போடுவதைத்தான் சிங்கப்பூர் 2001-ல் நிறுத்திவிட்டது. பிசிஜி முதலில் மனிதருக்குக் கொடுக்கப்பட்டது 1921-ல். நூறு வருடமாக வேறு ஊசி இல்லை. எம்72 என்று ஒரு புதிய ஊசிக்கு 2024-ல் தென்னாப்பிரிக்காவில் பெரிய சோதனை தொடங்கியிருக்கிறது. நான் பார்க்கிறேனோ இல்லையோ, என் பேரப்பிள்ளைகள் பார்க்கவேண்டும்.

கேலாங் பாரு

நான் வேறு கோணத்தில் கேட்கிறேன். தினமும் வந்து என் முன்னால் விழுங்கு என்பது ஒரு மனிதனை நம்பாமல் நடத்துவதுதானே? என் தோழி டாக்சி ஓட்டுநரின் மகள். அப்பா காலை நேர வருமானத்தை விட்டுவிட்டு ஆறு மாதம் போனார். அரை நாள் வாடகை தினமும் நஷ்டம். உலகத்தில் டிபி வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது என்று படித்தேன். இலவச மருந்து என்கிறோம், இலவசமே இல்லை.

வெள்ளைச் சீருடை

நீங்கள் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். டாட்ஸ் உயிர்களைக் காப்பாற்றியது, அதை விட்டுக்கொடுக்கமுடியாது. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் ஆங் மோ கியோ போல ஆகும். சிங்கப்பூரில் 1987-லிருந்து பத்து வருடம் நோயின் அளவு இறங்காமல் அப்படியே நின்றது. 1997-ல் காசநோய் ஒழிப்புத் திட்டம் வந்து, நேரடிக் கண்காணிப்பும் நோயாளியோடு பழகியவர்களைத் தேடிச் சோதிப்பதும் சேர்ந்தபிறகுதான் மறுபடி இறங்கியது. ஆனால் கண்காணிப்பு என்றால் காவல் என்று ஆகிவிடக்கூடாது. கைப்பேசியில் விழுங்குவதைக் காணொளியாக அனுப்பும் முறை வந்துவிட்டது, டாக்சி ஓட்டுபவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! தினமும் வருபவர்களுக்கு மளிகை வவுச்சர் கொடுத்ததும் உண்டு. ஐம்பது வெள்ளி வவுச்சரைப் பார்த்துக் கண்கலங்கிய பெரியவரை எனக்குத் தெரியும். அவர் கேட்டது வவுச்சரை இல்லை, தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்பதை.

டாட்ஸின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது இருமிக்கொண்டு வருபவருக்காகக் காத்திருக்கும். கணக்கெடுப்புகளில் வீடுவீடாகப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், டிபி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருமலே இல்லை. வியட்நாமில் கா மாவ் மாகாணத்தில் மூன்று வருடம், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பெரியவர்களிடமும் சளி வாங்கி விரைவுக் கருவியில் சோதித்தார்கள். அப்படிச் செய்யாத ஊர்களைவிட அந்த ஊர்களில் நோய் 44 சதவீதம் குறைவாக இருந்தது. தேடிப் போனால் கிடைக்கிறது.

சேத்துப்பட்டிலிருந்து

சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு, 2023-ல் வெளியானது. நோயாளி வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு மாதாமாதம் தலைக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எந்தத் தடுப்பூசி இதைச் செய்திருக்கிறது? இந்தியாவில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். நல்லதுதான், போதாது.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. நோய் என்று தெரிந்த அன்றைக்கே உயரம், எடை, மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். ஆபத்து என்றால் உடனே வார்டில் சேர்த்துச் சத்துணவு, ஆக்சிஜன். ஏனென்றால் காசநோயில் இறப்பவர்களில் பலர் முதல் இரண்டு மாதத்திலேயே போய்விடுகிறார்கள், மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்முன். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்க்க ஒரு தாதி போதும்.

ஜூரோங் வெஸ்ட் 5

இதெல்லாம் தெரிந்தும் ஏன் எல்லா நாடும் செய்வதில்லை? பணமா?

கேலாங் பாரு

பணம்தான். 2023-ல் ஐநா கூட்டத்தில் 2027-க்குள் ஆண்டுக்கு 22 பில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்குவோம் என்று தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2023-ல் கிடைத்தது 5.7 பில்லியன். 2025-ல் அமெரிக்கா உதவியை வெட்டியதும் பல நாடுகளில் மருந்தகங்களே தடுமாறின. மருந்து விலையும் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்கு பெடாகுயிலின் என்று நல்ல மாத்திரை 2012-லேயே வந்துவிட்டது. அதைத் தயாரிக்கும் கம்பெனி இந்தியாவில் காப்புரிமையை நீட்டக் கேட்டபோது எதிர்த்து மனு போட்டவர்களில் இரண்டு இளம்பெண்கள், ஒருவர் மும்பை, ஒருவர் தென்னாப்பிரிக்கா. இருவரும் பழைய டிபி ஊசியால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023-ல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை மறுத்துவிட்டது. இப்போது அந்த மாத்திரையைச் சேர்த்து ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் குணப்படுத்துகிறார்கள். முன்பு ஒன்றரை வருடத்துக்கும் மேல், அதில் முதல் பல மாதம் தினமும் ஊசி. அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஈசூன் வாசி

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. சாப்பாடு, தேடிப் போவது, காணொளி, விலை, எல்லாம் ஒரே இடத்துக்கு வருகிறது: நோயைச் சொன்னால் வேலையும் மரியாதையும் போகாது என்ற உறுதி. மாமாவிடம் போன வாரம் ஒன்று கேட்டேன், இப்போதாவது புளோக்கில் சொல்லலாமா என்று. காப்பிக்கடையில் தினமும் கூட உட்காரும் இரண்டு நண்பர்களிடம் அவரே சொல்லிவிட்டாராம். அதில் ஒருவர், "எனக்கும் 1970-ல் இருந்தது, சொல்லவே இல்லை" என்றாராம். ஐம்பது வருடம்!

உட்லண்ட்ஸ் தம்பி

வெள்ளைச் சீருடை அக்கா, ஓர் அவசரம். என் அறைக்குப் புதிதாக வந்த பையனுக்கு மூன்று வாரமாக இருமல். எடையும் இறங்கியிருக்கிறது. பழைய ஆள் கதையைச் சொன்னேன், அழுகிறான், போகமாட்டேன் என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?

வெள்ளைச் சீருடை

தம்பி, இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காத்திருக்கக்கூடாது. முதலில் அவனிடம் இது டிபி என்று சொல்லாதீர்கள், இன்னும் தெரியாது. வேறு எதுவாகவும் இருக்கலாம். கம்பெனி உங்களுக்காக எடுத்திருக்கும் மருத்துவத் திட்டத்தில் உள்ள ஊழியர் மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஐந்து வெள்ளிதான், அதைச் சொல்லுங்கள். தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், அறையில் மின்விசிறியை ஜன்னல் பக்கம் வெளியே தள்ளுகிற மாதிரி வையுங்கள். சீக்கிரம் போனால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ரத்தம் வரும்வரை இருந்தால்தான் மாதக்கணக்கில் படுக்கவேண்டும். அப்புறம் ஒன்று: எந்தக் காகிதம் கொடுத்தாலும் கைப்பேசியில் படம் எடுத்து அவன் வீட்டுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று அனுப்பிவையுங்கள். எங்கே போனாலும் அடுத்த டாக்டர் அதைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உட்லண்ட்ஸ் தம்பி

ஞாயிறு போய்விட்டு வந்தோம் அக்கா. அறையிலிருந்து நாங்கள் மூன்று பேர் கூடப் போனோம், அவன் நடுவில். எக்ஸ்ரேயில் வலதுபக்கம் மேலே ஏதோ இருக்கிறது என்றார்கள். சளிக்கு மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்தார்கள், காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுக்கவேண்டுமாம், எச்சில் கூடாதாம். காலை நாலரைக்கு மாடிப்படி ஓரத்தில் நின்று எடுத்தான், நான் டார்ச் பிடித்தேன். முடிவு புதன்கிழமை. இன்னும் கம்பெனிக்குத் தெரியாது. சூப்பர்வைசர் நல்ல மனிதர், மெடிக்கல் லீவு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

வெள்ளைச் சீருடை

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. புதன்கிழமை முடிவு எதுவானாலும் எழுதுங்கள். நோய் என்று வந்தால் உங்கள் எல்லாரையும் மறுபடி ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள், அது வழக்கம்தான். உங்களுக்குப் போன முறை இல்லை என்று வந்தது இந்த முறைக்குப் பொருந்தாது, அதனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்தப் பையன் சாப்பிடுகிறானா?

உட்லண்ட்ஸ் தம்பி

கேட்டரிங் சோறு இறங்கவில்லை அக்கா. இன்றைக்கு நான் கஞ்சி வைத்தேன், முட்டை இரண்டு. சாப்பிட்டான்.